ஏழாம் எண் கட்லா

மீன்களுக்கு எண் கொடுத்து, அவற்றின் செரிமானத்தையும் மூச்சையும் கணினியில் கணக்கிட்டு, கைபேசிக்குச் செய்தி அனுப்பும் செயலி ஒன்றைக் கீர்த்தி தன் அப்பாவின் காரைக்குடி மீன் பண்ணைக்காகச் செய்திருந்தாள். சித்திரையில் குளத்தை வற்றவைத்து மீன்களையெல்லாம் விற்றார்கள். ஏழாம் எண் கட்லா மட்டும் வீட்டில் குழம்பானது. தலையை அப்பா சேவுகப்பெருமாள் சாப்பிட்டார்.

மறுநாள் அம்மா துர்காதேவியின் கைபேசிக்கு, ‘ஏழாம் எண்: வயிறு நிறைந்திருக்கிறது’ என்று செய்தி வந்தது. கீர்த்தி செயலியையே அழித்தாள். செய்திகள் நிற்கவில்லை.

கணவருக்குச் சர்க்கரை இருந்ததால் துர்காதேவிக்கு அது வசதியாகிவிட்டது. ஒருநாள் அவருக்கு ஃபோன் போட்டாள்.

“தேவகோட்டையில வடை தின்னீகளா?”

“சத்தியமா இல்ல.”

“ஏழாம் நம்பருக்கு எண்ணெய் செரிக்கலைன்னு வந்திருக்கு. எத்தனை தின்னீக?”

“ரெண்டு,” என்றார்.

நேற்று மதியம் அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது, ‘ஏழாம் எண்: மூச்சுக்காற்று போதவில்லை. ஏரேட்டரைப் போடவும்’ என்று வந்தது. கட்டிலில் அவர் வாய் வட்டமாகத் திறந்து திறந்து மூடியது. துர்காதேவி ஓடிப்போய்க் குளத்துக்குக் காற்றூட்டும் ஏரேட்டரைப் போட்டாள். அதன் துடுப்புகள் தண்ணீரில்லாமல் சுற்றின. உள்ளே குறட்டை சீராகக் கேட்டது.

அவள் இன்னும் ஏரேட்டரை நிறுத்தவில்லை.