சுவரில் இரண்டு கடிகாரம்

“எவனுக்குடா துப்புக் குடுத்த?” என்று கென்ரிக்கின் தலையை மேசையில் மோதினார் ஜார்விஸ். நியூயார்க் குதிரைப் பந்தயங்களுக்கு இணையத்தில் பணம் கட்ட வைக்கும் அந்த ஆண்டிகுவா கம்பெனிக்கு அவர் முதலாளி. கம்ப்யூட்டரில் அதற்கான மென்பொருளை எழுதியவன் கென்ரிக்.

“ஒரு வாரமா நியூயார்க்ல, ப்ரூக்ளின்ல இருக்கிற ஒருத்தன் கட்டுற குதிரையெல்லாம் ஜெயிக்குது. உள்ள ஆள் இல்லாம நடக்குமா?”

“கண்டுபிடிச்சுட்டேன் சார். தப்பு எங்கன்னா...”

அடியாள் டெல்ராயின் முஷ்டி அவன் வாயில் இறங்கியது. இரண்டு பற்கள் தெறித்தன.

“பேச விடுறா, மடையா!”

“பொய்தான் சொல்லுவான், பாஸ்” என்று இன்னொரு குத்து விட்டான் டெல்ராய். தாடை முறிந்தது.

கென்ரிக் விரலால் சுவரைக் காட்டினான். அங்கே ஆண்டிகுவா நேரத்துக்கு ஒன்றும் நியூயார்க் நேரத்துக்கு ஒன்றுமாக இரண்டு கடிகாரங்கள் ஓடின. ஜார்விஸ் திரும்பிப் பார்ப்பதற்குள் டெல்ராய் அந்த விரல்களை மொத்தமாகப் பிடித்து ஒடித்தான். கென்ரிக் மயங்கிச் சரிந்தான்.

“செத்துத் தொலைக்கப்போறான். ஆஸ்பத்திரியில போட்டுட்டு வா.”

கென்ரிக் கண் விழித்தபோது, காரில் டெல்ராய் அவன் முகத்து ரத்தத்தைப் பதமாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“மன்னிச்சிரு, மச்சான். ப்ரூக்ளின்ல கட்டுறது எங்கண்ணன்தான். கோடை வருதுன்னு அங்க எல்லாரும் கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வச்சுட்டாங்க. நம்ம தீவுல அந்தப் பழக்கமே இல்லையா, ஒருத்தனுக்கும் தோணல. அங்க ரேஸ் முடிஞ்ச பிறகும், பழைய நேரக் கணக்குலயே உன் கம்ப்யூட்டர் ஒரு மணி நேரம் பந்தயம் வாங்கிக்கிட்டே இருக்கு. குளிர்காலம் வந்தா அவங்களே திருப்பி வச்சிருவாங்க, எல்லாம் தன்னால சரியாயிரும்.”

கென்ரிக்கின் முறியாத கையை மெல்ல எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான் டெல்ராய்.

“அதுவரைக்கும் நீ எழுதியும் காட்டக் கூடாது பாரு.”