முனிக்குப் போட்ட மஞ்சள் பெட்டி

சர்மிளா ஒரு கல்லை மனிதர் என்று குறித்திருந்தாள்.

ஒரு தடவை என்றால் கை தவறிவிட்டது என்று விட்டுவிடலாம். நாற்பத்தொரு படங்களில், நாற்பத்தொரு தடவை, அதே கல்லைச் சுற்றி அதே மஞ்சள் பெட்டி.

ஹட்டன் டவுனில், மருந்துக் கடைக்கு மேல்மாடியில் எங்களுக்கு இதுதான் வேலை. எங்கோ ஒரு நாட்டில் சாரதி இல்லாமல் ஓடும் வண்டி செய்கிறார்கள். எது மனிதர், எது மாடு, எது மதகு என்று கம்பியூட்டரில் படம் படமாகப் பெட்டி போட்டு அதற்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம். புதிதாக வந்தவர்கள் போடும் பெட்டிகளைச் சரி பார்ப்பது என் பொறுப்பு.

மனிதர் என்றால் மஞ்சள். மஞ்சளைக் கண்டால் வண்டி வேகத்தைக் குறைக்கும். கல்லையும் மரத்தையும் இடிக்காமல் போனால் போதும்.

இந்த மாதம் வந்தவை எங்கள் ஊர்ப் படங்கள். மூடுபனிக்கும் வளைவுகளுக்கும் வண்டியைப் பழக்க, கமெரா பூட்டிய வேன் ஒன்றை மலைநாடு முழுக்கப் பல தடவை ஓட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அடுத்த வருஷம் சுற்றுலாக்காரரை ஏற்றிக்கொண்டு சாரதி இல்லாத வேன் இங்கேயே ஓடும் என்றும் பேச்சு.

கல் இருப்பது வட்டகொடைக்கு மேலே ஒரு வளைவில். முனியாண்டி சாமி. சிவப்புத் துணி சுற்றி, குங்குமம் அப்பி, பக்கத்தில் ஒரு சூலம். பனியில் பார்த்தால் யாரோ குந்தியிருக்கிற மாதிரிதான் தெரியும். பிள்ளை ஏமாந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

நல்ல வெயிலில் எடுத்த படத்திலும் பெட்டி இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிடக் கவலை அதிகம். இன்றோடு அவளுக்கு மூன்று மாதப் பயிற்சி முடிகிறது. பத்துப் பிழைக்கு மேல் போனால் வேலை இல்லை. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகமாட்டேன் என்று வீட்டில் சண்டை பிடித்துக்கொண்டு வந்தவள். கெட்டிக்காரி வேறு. கேவலம், ஒரு கல்லால் போகப்போகிறாள்.

கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பக்குவமாகப் பேசவேண்டும். நானோ வேதக்காரன். றொனால்ட் என்று பெயரை வைத்துக்கொண்டு அடுத்தவர் சாமியைக் கல் என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

வண்டிக்குச் சாமி தெரியாது என்றேன். பக்தி வேறு, வேலை வேறு என்றேன். ஐந்து மணிக்குள் அந்தப் பெட்டிகளை அழித்துவிட்டால் நானும் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

அவள் மவுஸைத் தொடவே இல்லை.

“நீங்களும் அந்த வழியாத்தானே சேர் வாரீங்க. அந்த எடத்துல என்ன செய்வீங்க?”

என்ன செய்வேன்? மோட்டர் சைக்கிளை மெதுவாக்குவேன். ஒருதரம் ஹோர்ன் அடிப்பேன். யாரும் பார்க்காவிட்டால் சிலுவை அடையாளமும் போட்டுக்கொள்வேன். கொழுந்து லொறிக்காரன், பஸ்காரன், கினிகத்தேனைப் பக்கமிருந்து வரும் சிங்கள வேன்காரன், எல்லாரும் அப்படித்தான். பாட்டைக்கூடக் குறைப்பார்கள். மதிக்காமல் போன லொறியைப் பள்ளத்தில் கவிழ்த்த முனி என்று கேள்வி.

இதைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் அவளிடம் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் கதையைக் கட்டிவிட்டதே அவர்கள் லயத்து ஆட்கள்தானாம்.

லயத்து வரிசை வீடுகள் வளைவுக்கு மேலே இருக்கின்றன. அங்கிருந்து இறங்கும் படி நேராக ரோட்டில்தான் வந்து முடிகிறது. தேயிலைச் செடி மறைத்துவிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ரோட்டில் கால் வைத்த பிறகுதான் வருகிற வண்டி தெரியும். வேகத்தடை கேட்டு மனுக் கொடுத்தார்கள். பிள்ளைகள் நடமாடும் இடம் என்று மூன்று மொழியில் போர்டு நட்டார்கள். ஒருவனும் மெதுவாகப் போகவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு வேன், பக்கத்து வீட்டுச் சுலக்ஷனாவை அடித்துவிட்டது. ரெண்டாம் ஆண்டு படித்த ஏழு வயதுப் பிள்ளை. கருமாதி முடிந்த மறுநாள், சர்மிளாவின் அப்பா சோலைமலையும் நாலு பேரும் ஆற்றிலிருந்து அந்தக் கல்லைப் புரட்டிக்கொண்டு வந்து வைத்தார்கள்.

“புள்ளைங்களுக்கு யாரும் பிரேக் புடிக்கல சேர். சாமிக்குப் புடிச்சாங்க. இனி வரப்போற வண்டி சாமிக்குப் புடிக்காது. மனுசருக்குத்தானே புடிக்கும்?”

படத்தைத் திரும்பவும் பார்த்தேன். கல்லுக்குப் பின்னால், செடிகளுக்கு நடுவே, சிமெந்துப் படி. வேன் போனதெல்லாம் பத்து மணிக்குப் பிறகு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம். படியில் ஒருவரும் இல்லை.

ஐந்து வருஷமாக அந்த இடத்தில் பிரேக் பிடிக்கிறேன். அங்கே படி இருப்பது இன்றைக்குத்தான் தெரியும். அவமானமாக இருந்தது.

நாற்பத்தொரு தரம் சொன்னால் வண்டி நம்பிவிடுமா என்பது எனக்குத் தெரியாது. பொய் பொய்தான். நான் சரி பார்த்தேன் என்று கையெழுத்து வைத்து அனுப்பினால், பிழை அவள் தலையில் விழாது. என் தலையில் விழும்.

ஒவ்வொரு மஞ்சள் பெட்டிக்கும் இன்னொரு கேள்வி உண்டு. பெரியவரா, சிறுவரா? சிறுவர் என்றால் வண்டி இன்னும் தூரத்திலேயே மெதுவாகும்.

நாற்பத்தொன்றிலும் சர்மிளா பெரியவர் என்று போட்டிருந்தாள்.

அது பிழை என்று சொன்னேன். மவுஸை வாங்கி, முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சிறுவர் என்று மாற்ற ஆரம்பித்தேன்.