வண்டியில் என்ன பழுது?

"மாத்திரையா? அதெல்லாம் உடம்பைக் கவனிக்காதவங்களுக்கு. நான் கையால தொட்டதுகூட இல்ல."

சுற்றுலா வேன் கிளம்பிய அன்றே பி.டி. மாஸ்டர் இப்படி அறிவித்துவிட்டார். ஓய்வு பெற்ற பிறகும் கழுத்தில் விசில் தொங்கியது. வேன் எங்கே நின்றாலும் விசில் ஊதுவார். கூட வந்த தெருக்காரர்கள் அத்தனை பேரும் இறங்கி வரிசையில் நின்று கையைக் காலை ஆட்ட வேண்டும். பாதிப் பேருக்கு மூட்டு ஒத்துழைக்காது. ஆனாலும் அவர் முன்னால் முனக யாருக்கும் தைரியம் கிடையாது.

மாஸ்டர் சொன்னது பச்சைப் பொய். தினமும் காலையில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் ஒரு மாத்திரை விழுங்குவார். இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைக்கும் பீட்டா பிளாக்கர். "நல்லாத்தானே இருக்கேன்னு நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க, ஆபத்து. நிறுத்தணும்னா நான் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாத்தான்" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

இரண்டாம் நாள், லாட்ஜை விட்டுக் கிளம்பி வெகுதூரம் வந்தபின், மாஸ்டர் சட்டைப் பையைத் தடவினார். பேன்ட் பையைத் தடவினார். அறையில் கூடத் தங்கிய பேங்க் சார் கண்ணில் படக்கூடாதென்று மாத்திரைக் கவரைத் தலையணைக்கு அடியில் வைத்தவர், அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார். காலையில் போடவும் இல்லை. ஊர் திரும்ப இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

வண்டியைத் திருப்பச் சொல்லலாம். எதற்கு என்று கேட்பார்களே!

அடுத்த ஊரில் மருந்துக் கடை இருக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டும் அந்தக் கவரோடு போனது. கெஞ்சித்தான் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேறு. மதியத்தோடு மூடிவிடுவார்கள். அதற்குள் போய்ச் சேர்ந்தால் உயிரும் தப்பும், மானமும் தப்பும்.

அந்த நேரம் பார்த்து டிரைவருக்குப் போன் வந்தது. பேசி முடித்தவர் வேனை ஓரம் கட்டினார்.

"இன்ஜின்ல ஏதோ சத்தம் வருது. கொஞ்சம் பாத்துடறேன்."

பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு துணியால் துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் வாட்சைப் பார்த்தார். எழுந்தார், உட்கார்ந்தார், கடைசியில் இறங்கியே போனார்.

"எனக்கு ஒரு சத்தமும் கேக்கலையே தம்பி. எடுங்க வண்டியை."

"இன்னும் கொஞ்ச நேரம் மாஸ்டர். பார்ட் வந்துட்டு இருக்கு."

"கிளம்பறதுக்கு முன்னாடி எல்லாம் சரி பார்க்க மாட்டீங்களா? பொறுப்பு வேண்டாம்?"

வேனுக்குள்ளிருந்தும் ஆளாளுக்கு வசைபாட ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷம் வேறு வண்டிதான் என்று பேங்க் சார் தீர்ப்பே எழுதிவிட்டார். டிரைவர் எல்லாவற்றுக்கும் சிரித்தார்.

ஒருவழியாக ஒரு பைக் வந்து நின்றது. வந்தவர் சின்னப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

"மாஸ்டர், ஒரு கை பிடிக்க வாங்க" என்று டிரைவர் கூப்பிட்டார். முறைத்துக்கொண்டே போன மாஸ்டரின் கையில், பானெட் மறைவில், பொட்டலத்தை வைத்து அழுத்தினார். மருந்துக் கடைக் கவர். மேலே மாஸ்டரின் பெயர்.

"லாட்ஜ்ல இருந்து போன் பண்ணாங்க. எனக்கும் இதே மாத்திரைதான் மாஸ்டர். ஒருதரம் டிரிப்ல மறந்துட்டு, போனா போகுதுன்னு விட்டேன். ரெண்டு நாள்ல நெஞ்சு படபடன்னு அடிச்சு, ஆஸ்பத்திரியில கொண்டு போய்ப் படுக்க வெச்சிடுச்சு. இன்னிக்கு உள்ளதைப் போட்டுக்குங்க. யாருக்கும் தெரிய வேண்டாம். பழுது வண்டிக்குன்னே இருக்கட்டும்."

மாஸ்டர் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வேனில் ஏறினார். டிரைவரை இன்னும் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் விசிலை எடுத்து ஊதினார். எல்லோரும் கப்சிப்.

"வண்டி நல்லா இருக்கு. என் இதயத்துக்குத்தான் மாத்திரை வேணும். அதை லாட்ஜ்ல விட்டுட்டேன், இவர் வரவழைச்சுக் கொடுத்தார். நான் தினம் மாத்திரை போடறவன். உங்ககிட்ட சொன்னது பொய்."

எல்லோர் முன்னாலும் ஒரு மாத்திரையைப் பிரித்து விழுங்கினார்.

பேங்க் சார் பெருமூச்சு விட்டார். "இதை நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா மாஸ்டர்? என் மாத்திரை ராத்திரி போடறது. நீங்க தூங்கினதும் போடலாம்னு காத்திருந்து, நானே தூங்கிட்டேன்."

மாஸ்டர் பதறிப்போனார். "ஐயோ, அதுக்காக இன்னிக்கு ரெண்டா சேர்த்துப் போட்டுடாதீங்க. முதல்ல உங்க டாக்டருக்குப் போன் போடுங்க."

வேன் கிளம்பியது. ஒவ்வொரு சீட்டிலும் பைகள் திறக்கும் சத்தம் கேட்டது. பின்னாலிருந்து தையல்கார அக்கா நிம்மதியாகக் கேட்டார்:

"அப்போ இனிமே நாங்க குழாயைத் திறந்துவிட்டுட்டு மாத்திரை முழுங்க வேண்டாம்தானே மாஸ்டர்?"