மூச்சை எண்ணும் வீடு

"உள்ளே: 1" என்றது வாசல் மின்பலகை.

உள்ளே யாரும் இல்லை. பேராசிரியர் பாஸ்கரக் குறுப்பு வெளியே நின்றார். ஆய்வு மாணவி ஜின்ஸி மடிக்கணினியோடு அவர் பக்கத்தில் நின்றாள். அட்டெண்டர் ஓமனச் சேச்சி துடைப்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எட்ட நின்றாள். அந்த வீட்டுக்குள் தனியாகப் போவதை அவள் விட்டுப் பத்து நாளாகிறது.

"ஈப்பன் சார்தான் இது. அவரு செத்த மூணாம் நாள்லேர்ந்து பலகை இப்படித்தான் காட்டுது" என்றாள் சேச்சி.

குறுப்பு பலகையிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொண்டார். மூச்சு ஏறி இறங்குவதை வைத்து ஆளை எண்ணும் வீடு, கரியமில வாயுவைக் குடித்து இறுகும் சுவர், எல்லாமே கூட வேலை பார்த்த ஈப்பனின் யோசனை. வாசலில் பதித்த கல்வெட்டில்தான் அவர் பெயர் இல்லை. இடம் போதவில்லை, குறுப்பின் பட்டங்களே நாலு வரி.

"பேய் எங்கயாவது மூச்சு விடுமா சேச்சி?" என்றாள் ஜின்ஸி.

"புட்டே தின்னுது! என் டப்பாவுல தினம் பாதியைக் காணோம். அதுலயும் பாரு, உசிரோட இருந்தப்போ அவருக்குச் சர்க்கரை வியாதி. புட்டும் பழமும் தொடவே மாட்டாரு."

"செத்தப்புறம் பத்தியம் எதுக்கு?" என்றார் குறுப்பு. யாரும் சிரிக்கவில்லை.

மூன்று அறை, பரண், கழிப்பறை என்று இரண்டு முறை தேடியாயிற்று. பதினொரு மணிக்கு டெல்லியிலிருந்து குழு வருகிறது. அவர்கள் தலையாட்டினால் புது ஆய்வு மையத்துக்குக் குறுப்பு இயக்குநர். ஆட்டாவிட்டால் மார்ச்சில் ஓய்வு, பிறகு ரப்பர் மரங்களுக்குத்தான் சொற்பொழிவு.

குழுவுக்காக அவர் செய்யாத ஏற்பாடில்லை. காய்ந்த புல்லுக்குப் பச்சைச் சாயம் அடித்தார். வீட்டைக் கட்டிய வங்காள மேஸ்திரிகளின் தகரக் கொட்டகை கண்ணை உறுத்தியதால், ஈப்பன் செத்த அதே வாரம் அதைப் பிரித்துப் போட்டார். அவர்கள் இனி எங்கே படுப்பார்கள் என்று கேட்கவில்லை.

இப்போது உறுத்துவது இந்த ஒன்று மட்டும்தான். பலகை பூஜ்யம் காட்டினால்தான் கதவு தானாகப் பூட்டிக்கொண்டு உள்ளே கரியமில வாயு நிரம்பும், சுவர் அதை ஒரு மணி நேரம் குடிக்கும். ஒன்று காட்டினால் எதுவுமே நடக்காது.

"ஜின்ஸி, ஒண்ணைக் கழிச்சிடு."

"சார்?"

"எத்தனை பேர்னு வந்தாலும் ஒண்ணைக் கழிச்சுக் காட்டச் சொல்லு. இதுக்குப் பேரு திருத்தக் காரணி. என் எல்லாக் கட்டுரையிலயும் உண்டு."

"அந்த ஒண்ணு திடீர்னு இல்லாமப் போயிட்டா, பலகை பூஜ்யத்துக்குக் கீழே போயிடும் சார்."

"பேய் எங்கம்மா போகப் போகுது? தட்டு."

அவள் தட்டினாள். "உள்ளே: 0" என்று பலகை பணிந்தது.

குழுவின் ஐந்து பேரோடு குறுப்பும் ஜின்ஸியும் உள்ளே போனார்கள். கூடத்துப் பலகை ஏழு என்றது. தலைவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து மெச்சினார்.

"எல்லாம் இரட்டைச் சுவர் சார்" என்று குறுப்பு சுவரைத் தட்டிக் காட்டினார். "நடுவுல ரெண்டடி இடைவெளி. சித்திரை வெயில்லகூட ஒரு ஆளு அதுக்குள்ள போர்வை போத்திட்டுத் தூங்கலாம்!"

குழு சிரித்தது. எல்லோரும் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்கள்.

"உள்ளே யாரும் இல்லையே?" என்று கேட்டு வைத்தார் தலைவர்.

"என்னை எதுக்குக் கேக்கறீங்க? பலகையைப் பாருங்க, பூஜ்யம்!"

கதவு பூட்டிக்கொண்டது. உள்ளே வாயு சீறியது.

பந்தலில் சாயாவும் பழம்பொரியும் வந்தன. தலைவர் இரண்டாவது பழம்பொரியைக் கடிக்கும்போது சுவருக்குள்ளிருந்து தொம் என்றொரு சத்தம். பிறகு தொம் தொம்மென்று விடாமல்.

"பகவதியே!" என்றாள் ஓமனச் சேச்சி.

"கான்க்ரீட் இறுகுது சார். வாயுவைக் குடிக்கிறப்போ இப்படித்தான் சத்தம் போடும்" என்றார் குறுப்பு. தலைவர் அதையும் குறித்துக்கொண்டார்.

குறுப்பு கோப்பையைக் கீழே வைத்தார். உதடு அசையாமல் வேண்டிக்கொண்டார்: "ஈப்பா, கல்வெட்டுல உன் பேரைப் போட்டுடறேன். முதல் வரியிலயே போடறேன். இன்னிக்கு மட்டும் சும்மா இருடா."

ஈப்பன் இரங்கிவிட்டார் போலிருந்தது. சத்தம் மெலிந்தது, விட்டு விட்டுக் கேட்டது, கடைசியில் நின்றே போனது.

தலைவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அருமையான வீடு, குறுப்பு. இனிமே உங்களை இயக்குநர்னுதான் கூப்பிடணும்."

குறுப்பு பெருமூச்சு விட்டார். கைகுலுக்கலுக்கும் கைதட்டலுக்கும் நடுவே ஜின்ஸியைத் தேடினார். அவள் வீட்டு வாசலில், பலகைக்கு எதிரே, ஆறிப்போன சாயாவோடு நின்றிருந்தாள்.

"சார்... மைனஸ் ஒண்ணு காட்டுது."