மெர்வினுக்கு வந்த அக்கி

"டெக்லான்" என்றார் மெர்வின், பெயர் கேட்ட பெண்ணிடம். வரும் வழியெல்லாம் காருக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய கத்தோலிக்கப் பெயர். ஆனாலும் வாசலில் நின்று அதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"நான் பெர்னடெட்" என்றாள் பச்சைத் தலைத்துணி கட்டியிருந்த அந்தப் பெண். "நானும் காட்டத்தான் வந்திருக்கேன். உள்ளே ஆள் இருக்கு, உக்காருங்க."

மெர்வின் விலாவைப் பிடித்துக்கொண்டு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். அக்கி விலாவிலிருந்து இடுப்புவரை நெருப்பாக எரிந்தது. இன்னும் ஒன்பது நாளில் ஜூலை பன்னிரண்டு, கத்தோலிக்கரைப் போரில் வென்ற நாளுக்காகப் புராட்டஸ்டண்டுகளின் ஆரஞ்சு சங்கம் நடத்தும் ஊர்வலம். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பெரிய முரசை நெஞ்சில் கட்டி அடிப்பவர் அவர்தான். இந்த வருடம் முடியாதென்றால் முரசு மச்சினன் வெஸ்லியிடம் போய்விடும். போனால் திரும்பாது.

டாக்டரின் களிம்பு கைவிட்டுவிட்டது. அக்கிக்கு மந்திரிக்கக் கத்தோலிக்கனை விட்டால் ஆள் கிடையாது என்பது மெர்வினின் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். மலைக்குப் பின்னால் ஃபின்டன் என்று ஒருவர் சனிக்கிழமைதோறும் வந்து மந்திரிக்கிறாராம். ஆனால் அவர்கள் ஆளுக்குத்தானே முழு மந்திரமும் சொல்வார்கள்? நம் ஆள், புராட்டஸ்டண்ட் என்று தெரிந்தால் பாதியில் நிறுத்திவிட மாட்டார்களா?

அதனால்தான் டெக்லான். அதனால்தான் கோட்டுப் பையிலிருந்து எட்டிப் பார்க்கும்படி ஒரு ஜெபமாலை. இங்கே வந்தது தெரிந்தால் சங்கத்திலிருந்தே பெயரை வெட்டிவிடுவார்கள்.

எதிரே, நெற்றியெல்லாம் அக்கி படர்ந்த ஒரு மொட்டைத்தலைக்காரர் ஜெபமாலையைப் பார்த்துவிட்டு அவசரமாகப் பேச்சைத் தொடங்கினார்.

"பன்னெண்டாம் தேதி வந்துடுச்சு. அந்த ஆரஞ்சுக்காரனுங்க ஆட்டம் ஆரம்பிச்சுடும். சங்கத் தலைவன்னு ஒருத்தன் முன்னாடி போவான் பாருங்க, வெள்ளக் கையுறையும் தொப்பியுமா. முட்டை போடப் போற கோழி மாதிரியே நடப்பான்."

"அத விடுங்கண்ணே" என்றாள் பெர்னடெட். "அவங்க சபையில ஆர்கன்னு ஒண்ணு வாசிக்கிறாளே ஒருத்தி, அதக் கேட்டிருக்கீங்களா? பூனை வால மிதிச்சா அதவிட ராகமா கத்தும்."

இருவரும் மெர்வினைப் பார்த்தார்கள். தன் பங்குக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"எல்லாத்தையும் பொறுத்துக்கலாம்" என்றார். "அந்த முரசு அடிக்கிறவன் இருக்கானே, தடிமாடு, அவனத்தான் மொதல்ல உதைக்கணும்."

மொட்டைத்தலைக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மெர்வினுக்கும் சிரிப்பு பீறிட்டது. விலா எரிய எரிய, நிறுத்த முடியாமல் சிரித்தார்.

உள்ளே இருந்தவர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். ஃபின்டன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். நெட்டையான மனிதர், கையில் வெண்ணெய்க் கிண்ணம். அந்த நேரம் பார்த்துத் தூரத்துக் கத்தோலிக்கக் கோயிலில் நண்பகல் ஜெப மணி அடித்தது.

மெர்வினுக்கு வியர்த்தது. இதற்கு எழுந்து நின்று சிலுவை போட வேண்டும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். மற்றவர்களைப் பார்த்துச் செய்யலாம் என்று காத்திருந்தார். மொட்டைத்தலைக்காரர் மெர்வினைப் பார்த்தார். பெர்னடெட் மெர்வினைப் பார்த்தாள். ஃபின்டனும் கிண்ணத்தோடு மெர்வினையே பார்த்தார்.

சோதிக்கிறார்கள் போலிருக்கிறது. மெர்வின் சட்டென்று எழுந்து நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என்று தொட்டார். மூன்று பேரும் ஒரு நொடி கழித்து அப்படியே செய்தார்கள். தேறிவிட்டோம் என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

"புது ஆளு மொதல்ல வாங்க" என்றார் ஃபின்டன்.

உள்ளறையில் மெர்வின் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஃபின்டன் உப்புப் போடாத வெண்ணெயைப் புண்ணைச் சுற்றி வட்டமாகத் தடவி, உதடு அசைய முணுமுணுத்தார். எரிச்சல் மெல்ல அடங்குவது போலிருந்தது.

"பன்னெண்டாம் தேதி தாராளமா முரசு அடிக்கலாம்" என்றார் ஃபின்டன்.

மெர்வினின் கையிலிருந்து சட்டை நழுவியது. "எ... எந்த முரசு?"

"விரல் முட்டியெல்லாம் தழும்பு. முரசு விளிம்புல இடிச்சு இடிச்சு வந்தது. இது தெரியாதா எனக்கு?"

மெர்வின் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "ஐயா, உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன். வெளிய இருக்கறவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து என்னப் பிச்சுப் போட்டுடுவாங்க."

"யாரு, அந்த மொட்டையா? அவர் ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆரஞ்சு சங்கத் தலைவரு. நெத்தியில அக்கி வந்து தொப்பி போட முடியலன்னு வந்திருக்காரு."

"அந்தம்மா?"

"சபையில ஆர்கன் வாசிக்கிறவங்க."

மெர்வினுக்கு முதலில் விக்கல் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. வாயைக் கோட்டுக் கையால் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"அப்போ, மொத்த வீட்டுலயும் கத்தோலிக்கர் நீங்க ஒருத்தர்தானா?"

ஃபின்டன் போய்க் கதவை இழுத்துத் தாழ் போட்டார். திரும்பி வந்து மெர்வினின் காதருகே குனிந்தார்.

"நானும் நம்ம ஆளுன்னு தெரிஞ்சா, ஒருத்தனாவது வருவானா?"