கிணற்றில் கிடந்த பிள்ளை

“அது என்ட மகன்ட தாயத்துத்தான் ராத்தா. உங்களக் கையெடுத்துக் கும்பிடுறன், எனக்கு விட்டுத் தாங்க.”

கல்முனை நீதிமன்ற விறாந்தையில் பாலம்மா அழுது மன்றாடினாள். சபியா உம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்தபடி வாங்குப் பலகையின் அடுத்த முனைக்கு நகர்ந்துகொண்டார். கல்நெஞ்சுக்காரி என்று பார்த்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

கிணற்று எலும்பு வழக்கு என்றால் இந்தக் கரையில் தெரியாத ஆளில்லை. சண்டைக் காலத்தில் மீன் லொறியோடு காணாமல் போன இருவரில், லொறி ஓட்டியவன் சபியா உம்மாவின் மகன் அர்ஹம். மீன் ஏற்றப் போனவன் பாலம்மாவின் மகன் சுஜிந்தன். இப்போது முந்திரித் தோட்டத்துப் பாழுங்கிணற்றைத் தோண்டினால், கிடைத்ததோ ஒரே ஒருவனின் எலும்பு.

பரிசோதனையிலும் ஒன்றும் பிடிபடவில்லை, எலும்பு அவ்வளவு உக்கிப் போயிருந்தது. மிஞ்சியது இடுப்பில் கட்டியிருந்த வெள்ளித் தாயத்து மட்டும்.

உள்ளே செப்புத் தகட்டில் அரபு எழுத்து இருப்பதால் இறந்தவன் முஸ்லிம்தான் என்று கொழும்பிலிருந்து வந்த சட்டத்தரணி அடித்துச் சொன்னார். உள்ளூர்க்காரருக்குச் சிரிப்புத்தான் வந்தது. மருதமுனைப் பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதித் தாயத்துக் கட்டாத தமிழ்ப் பிள்ளை இங்கே எத்தனை பேர்? அர்ஹமுக்கும் சுஜிந்தனுக்கும் சின்ன வயதில் கட்டிவிட்டது அதே லெப்பைதான்.

“உங்களுக்கு மகள் இருக்கா, பேரப்பிள்ளையள் இருக்கு. எனக்கு ஆரு ராத்தா?” பாலம்மா விடவில்லை. “மனுசன சுனாமி கொண்டு போயிட்டு. கிட்னி ரெண்டும் பழுது எண்டு டொக்டர் கைவிரிச்சிட்டார். நான் கண்ண மூட முதல் என்ட புள்ளைக்கு ஒரு கொள்ளி வெச்சிட்டுப் போகணும்.”

அர்ஹமின் தங்கை றிப்னா தாய் சபியா உம்மாவின் காதோரம் குனிந்தாள். “உம்மா, இண்டைக்காவது ஒத்துக்கொள்ளுங்க. நானா மௌத்தாகிட்டார். கொண்டு போய் அடக்கிட்டு துஆ கேப்பம்.”

“என்ட புள்ள எங்கயோ இரிக்கான்” என்றார் சபியா உம்மா. இத்தனை வருஷமாக அவர் சொல்லிவருவதும் அதைத்தான். பாவம், பெற்ற மனம் வேறென்ன சொல்லும்?

பெயர் கூப்பிட்டார்கள். சாட்சிக் கூண்டில் சபியா உம்மா தாயத்தை உள்ளங்கையில் வாங்கிப் புரட்டினார். பால்பல் முளைத்த குழந்தை வாயில் வைத்துக் கடித்ததுபோல அதன் ஓரத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள். அந்த இடத்தில் பெருவிரல் கொஞ்ச நேரம் நின்றது, உதடு எதையோ ஓதியது.

“சொல்லுங்கம்மா, இது உங்கட மகன்டயா?” நீதவான் தணிந்த குரலில் கேட்டார்.

“இல்ல ஐயா.”

“நிச்சயமாத் தெரியுமா?”

“என்ட மகன் உசிரோட இரிக்கான் ஐயா. எப்பயாவது வருவான்.”

 மன்றில் மொழிபெயர்க்கும் முதலியாரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எலும்புகளைப் பாலம்மாவிடம் ஒப்படைக்கும்படி கட்டளை வந்தது.

வெளியே வந்ததும் றிப்னா பொரிந்து தள்ளினாள். “இனியும் எத்தின வருஷம் வாசலப் பாத்துக்கொண்டு இரிக்கப் போறீங்க? நானாவுக்கு ஒரு கபுறு இல்லாமப் பண்ணிட்டீங்களே உம்மா!”

சபியா உம்மா நேரே பாலம்மாவிடம் போய் அவள் கையைப் பிடித்தார்.

“புள்ள, ஒண்டு கேக்கன், மறுக்காத. எரிச்சிராத. மண்ணுல அடக்கிரு.”

பாலம்மா அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “ஓம் ராத்தா. நீங்க சொன்னா மறுப்பேது? எங்கட ஆக்கள்லயும் புதைக்கிறவங்க இருக்காங்கதானே.”

ஆட்டோ காத்து நின்றது. றிப்னாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. “அவங்கட புள்ளைய அவங்க எரிச்சா என்ன, புதைச்சா என்ன? நமக்கென்ன உம்மா?”

ஆட்டோவின் கம்பியைப் பிடித்தபடி சபியா உம்மா அப்படியே குந்திவிட்டார். அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அப்போதுதான் வெடித்தது.

“உன்ட நானாவ நெருப்புல வெக்கச் சொல்றியா, மகள்?”