வியாழக்கிழமை களப்பணி

"பட்டப்படிப்புக்கு முன்னாடி ஒரு வருஷம் அடிப்படைப் படிப்பு. அதுலயும் சர்ச்சுல இலவச மளிகை குடுக்கணுமாக்கும்!" டப்பா பீன்ஸைச் சூடாக்கியபடி சீறினார் நார்மன் பிளாக்கெட்.

"சமூக அறிவியல்னா களப்பணி உண்டுப்பா," என்றாள் மகள் ஹெதர்.

"இந்த கிரிம்ஸ்பி ஊர்ல நம்ம குடும்பம் இலவசத்துக்குன்னு எந்த வரிசையிலயும் நின்னதில்லை. உன்னை அங்க பாத்தா ஊர் என்ன பேசும்?"

"குடுக்கற பக்கம்தானே நிக்கப் போறேன்?"

"எந்தப் பக்கமா இருந்தா என்ன? என்னிக்குப் போகணும்?"

"செவ்வாய்க்கிழமை போட்டாங்க. நான்தான் கெஞ்சி வியாழனுக்கு மாத்திக்கிட்டேன்."

"ஏன், செவ்வாய்க்கு என்ன கேடு?"

ஹெதர் தட்டுகளை எடுத்து வைத்தாள்.

"அது நீங்க வர்ற நாளாச்சேப்பா. மளிகை வாங்கறவங்க பட்டியல்ல உங்க பேரைப் பாத்தேன்."

நார்மன் அடுப்பை அணைத்தார். அவள் தட்டில் பீன்ஸைக் கூடுதலாகவே பரிமாறினார்.

"வியாழனே இருக்கட்டும்," என்றார்.